பேர் வெட்டிய டப்பா

தாம்பரத்தில் ஏறிய ரயிலில் எனக்கு எதிரே ஒரு பெரியவரும் அவர் மனைவியும். மடியிலிருந்த எவர்சில்வர் டப்பாவின் மூடியைப் பெரியவர் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே வந்தார். அதில் ஒரு பெயர் வெட்டியிருந்தது.

“உங்க பேரா சார்?”

“இல்ல. அஸ்தினாபுரத்துல பக்கத்து வீட்டுக்காரர். இப்ப டெக்சாஸ்ல பையனோட இருக்கார். அமெரிக்கா போனா பழைய ஃப்ரெண்ட்ஸ் எல்லாரையும் பாத்துட்டு, கடைசியா அவர் வீட்டுக்குப் போவோம். டப்பாவைக் காலியா தரக்கூடாதுன்னு முறுக்கு போட்டுக் கொடுப்போம். அவரும் எதையாவது போட்டு, அடுத்த தடவை கொண்டாங்கன்னு எங்ககிட்டயே கொடுத்துடுவார்.”

தேய்ப்பதை நிறுத்தினார்.

“போன தடவை காலியா கொடுத்து, நீங்களே வெச்சுக்குங்கன்னுட்டார்.”

அதுவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பினார்.

“கூடுவாஞ்சேரியில முறுக்குக்குச் சொல்லியிருக்கோம். அமெரிக்காவுக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. அவர் பேர் வெட்டின டப்பாவை நாங்க எப்படி வெச்சுக்கறது?”