முன் தட்டில் இருந்தவை

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் கதவு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிச்சம் இருந்தது. ஃப்ரீசரை யார் திறந்தாலும், அவள் எந்த மூலையில் இருந்தாலும், "கதவு" என்று ஒரு குரல் வரும். கோபமாக வராது. பஸ்ஸில் நடத்துநர் "டிக்கெட்" என்பதுபோல வரும். திறந்தவர் சட்டென்று மூடிவிடுவார். கூடத்தின் தலைவருக்கே ஒருமுறை அந்தக் குரல் விழுந்தது. "நான்தாம்மா" என்றார் அவர். "நீங்க திறந்தாலும் அதே காத்துதான் சார் உள்ள போகுது" என்றாள்.

வீட்டிலும் அதே கதைதான். அவள் புருஷன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். தோளில் ஒரு பை, பையில் ஸ்பேனரும் செப்புக்குழாயும் பழைய துணியுமாகத் தெருத் தெருவாகப் போகிறவர். "ஊர்ல எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜையும் நான் திறக்கறேன். என் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறக்க மட்டும் எனக்கு அனுமதி வேணும்" என்று புலம்புவார். பால் பாத்திரத்தில்கூடத் தேதி எழுதிய காகிதம் ஒட்டியிருக்கும். "என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடு, எப்ப திறந்ததுன்னு" என்பார். "நெத்தியில ஒட்டி என்ன பண்ண? உங்க வாய்க்குத்தான் மூடியே இல்லையே" என்பாள் அவள்.

கண்ணாடிச் சாமான் கழுவத்தான் அந்தக் கூடத்துக்கு முதலில் வந்தாள். கழுவுகிற குப்பியில் என்ன இருந்தது என்று கேட்கத் தொடங்கினாள். கேட்டதை மறக்கவில்லை. கேட்டுக் கேட்டே ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது. இப்போது அங்கே வருகிற பெப்டைடுகள், புரதத்தின் சிறு துண்டுகள் போன்றவை, எல்லாம் அவள் பொறுப்பு. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள்தான் விளக்குவாள்: "மணி கோத்த மாலைன்னு வெச்சுக்கங்க. ஒவ்வொரு மணியும் ஒரு அமினோ அமிலம். எந்த மணி எந்த இடத்துலங்கறதுதான் விஷயம். ஈரமும் சூடும் பட்டா நூல் அறுந்துபோகும். அறுந்தது கண்ணுக்குத் தெரியாது."

குப்பியோடு தரச் சான்றிதழ் ஒன்று வரும். எத்தனை சதவீதம் சுத்தம் என்று அதில் இருக்கும். அதை அவள் மதிப்பாள், ஆனால் நம்பி உட்கார மாட்டாள். "இது பொறந்த அன்னிக்கு எடுத்த போட்டோ. இன்னிக்கு மூஞ்சி எப்படி இருக்குன்னு இது சொல்லாது. வாசப்படி தாண்டி உள்ள வந்ததுக்கப்புறம் அது நம்ம பொறுப்பு" என்பாள்.

அவளிடம் அதிகமாகப் பாட்டு வாங்கியது ஓர் ஆராய்ச்சி மாணவி. நடையும் பேச்சும் அவ்வளவு வேகம். ரயில் என்று அக்கா வைத்த பெயர் கூடம் முழுக்கப் பரவிவிட்டது. ஃப்ரீசரிலிருந்து குப்பியை எடுத்தால் உடனே திறந்தாக வேண்டும் ரயிலுக்கு. அக்கா குப்பியைப் பிடுங்கி, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட கண்ணாடிச் சாடிக்குள் வைத்து மூடிவிடுவாள்.

"எவ்ளோ நேரம்க்கா?"

"அது ஜில்லுனு இருக்கற வரைக்கும். குளுந்த தண்ணி பாட்டிலை வெளிய வெச்சா மேலெல்லாம் வேர்க்குதுல்ல? இதை இப்பத் திறந்தா உள்ளயும் வேர்க்கும். பவுடர் அந்தத் தண்ணியைக் குடிச்சிடும். அப்புறம் நீ தராசுல தண்ணியை நிறுத்துட்டு பெப்டைடுன்னு எழுதுவ."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"ரயிலுன்னா ஸ்டேஷன்ல நிக்கணும்மா. உக்காரு."

கரைத்த பிறகும் ஒரு கட்டுப்பாடு உண்டு. எல்லாவற்றையும் ஒரே குழாயில் வைக்கக்கூடாது. துளித்துளியாகச் சிறு குழாய்களில் பிரித்து உறைய வைக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு குழாய். உருக்கியதில் மிச்சம் இருந்தாலும் திரும்ப உள்ளே போகக்கூடாது. "வாய் வெச்சுக் குடிச்ச மோரைத் திரும்பப் பானையிலயா ஊத்துவ?" என்று ஒருமுறை கேட்டாள். ரயில் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்தக் கட்டுப்பாடுகளையெல்லாம் அவள் பிறரிடமிருந்து கற்றாள். அவளே உண்டாக்கியது ஒன்று உண்டு. அதுதான் முன் தட்டு. யாருக்கு அவசரமோ அவர்களுடைய குழாய்கள் ஃப்ரீசரின் முன் தட்டில் இருக்கும். திறந்தால் கை நேராக அதில் போய் விழும். தேடல் இல்லை, கண் இமைக்கிற நேரத்தில் கதவு மூடிவிடும். அந்த இடம் அவளாகப் பார்த்துக் கொடுப்பது. அந்த வருடம் அதை ரயிலுக்குக் கொடுத்திருந்தாள்.

ரயிலுக்கு அது தேவையாகவும் இருந்தது. நான்கு பெப்டைடுகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சி முடியும் கட்டத்தில் இருந்தது. மூன்று ஒழுங்காக நடந்தன. நான்காவது அவளை அலைக்கழித்தது. ஒருநாள் நன்றாக வேலை செய்யும், அடுத்த முறை பாதிகூட வராது. தலைவர் நல்ல மனிதர். "கை இன்னும் பழகணும் போல" என்று மென்மையாகத்தான் சொன்னார். மென்மையாகச் சொன்னதுதான் ரயிலுக்குத் தைத்துவிட்டது. தலைவர் கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தார். அந்த வாரம் சோதனைக்காக வளர்க்கிற உயிர்ச் செல்கள் தயாராகும். அவற்றில் போட்டுப் பார்த்தும் எண்கள் ஒரே மாதிரி நிற்கவில்லை என்றால் நான்காவதை விட்டுவிட வேண்டும். நான்காவது இல்லாமல் மற்ற மூன்றுக்கும் அர்த்தமில்லை. புதிதாக வரவழைக்கவும் முடியாது. அது வந்து சேர்வதற்குள் அவள் அங்கே இருக்க வேண்டிய காலம் முடிந்துவிடும்.

"எனக்கு இந்த வேலைக்குக் கை இல்லைக்கா" என்று ஒருநாள் கழுவுதொட்டிப் பக்கம் நின்று சொன்னாள். "ஊருக்குப் போய் வேற எதாவது பாக்கறேன்."

அக்கா அவள் கைகளைப் பார்த்தாள். வேகமான கைகள்தான், ஆனால் நடுங்காதவை. தண்ணீர்க் குழாயைத் திருப்பி மூடினாள்.

செல்கள் தயாராவதற்கு முந்தின நாள் காலையில் அக்கா அறைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டாள். எதுவோ குறைந்தது. பிறகு புரிந்தது, சத்தம் இல்லை. ஃப்ரீசரின் உறுமல் நின்றிருந்தது. எண் காட்டும் சிறு திரை மட்டும் எரிந்தது. மைனஸ் பதினாறு. வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் ஏற்றம்.

புருஷனுக்குப் போன் போட்டுவிட்டு ஒரு நாற்காலியை இழுத்தாள். கதவில் முதுகு படும்படி உட்கார்ந்துகொண்டாள். விஷயம் பரவியது. ஆளாளுக்குத் தங்கள் பொருளைப் பார்க்க வேண்டும் என்று வந்தார்கள். யாரையும் விடவில்லை. மூடிய பெட்டி குளிரை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும், ஒவ்வொருவரும் ஒருமுறை எட்டிப் பார்த்தால் எல்லாருக்கும் போய்விடும் என்றாள். தலைவரும் வந்து, அவள் தலைக்கு மேலிருந்த எண்ணைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

ரயில் கடைசியாக வந்தாள். "மேல் மாடி ஃப்ரீசர்ல கொஞ்சம் இடம் இருக்குக்கா. என்னோடதை மட்டும் எடுத்து வெச்சுடறேன். முன்னாடிதானே இருக்கு."

"உனக்குத் திறந்தா மத்தவங்களுக்கு என்ன சொல்றது? எண்ணைப் பாரு, பதினஞ்சு. உள்ள கல்லு மாதிரி இருக்கும். மெக்கானிக் வந்துடுவார்."

"மெக்கானிக்கா, மாமாவா?"

"இங்க வந்தா மெக்கானிக்தான்."

மெக்கானிக் வந்தார். பையை இறக்கி வைத்தார். மனைவி உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து, "உன்னை ரிப்பேர் பண்ணணுமா, பெட்டியையா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் முகம் மாறியது. பின்புறம் குனிந்து கம்ப்ரஸரைத் தொட்டார். சூடே இல்லை. "இது இப்ப நின்னது இல்ல. ராத்திரியே நின்னிருக்கு" என்றார். எழுந்து எண்ணைப் பார்த்தார். "ராத்திரி நின்ன பெட்டி இவ்வளவு மெதுவா ஏறாதே."

"நான் திறக்கவே விடல. அதான் ஏறல."

அவர் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். "கொஞ்சம் எழுந்திரு" என்றார். அவள் எழுந்தாள். கதவின் ஓரத்து ரப்பருக்கும் பெட்டிக்கும் நடுவில் காகிதத்தை நுழைத்தார். மூடிய கதவு காகிதத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டும். அது வெண்ணெயில் கத்தி போனதுபோல உள்ளே போய், இழுத்ததும் வெளியே வந்தது. மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்திலும் அப்படியே.

அக்கா காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கித் தானே ஒருமுறை நுழைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு யாரும் சொல்லாமலே கதவைத் திறந்தாள்.

பின் சுவரில் பனி திண்டுபோலத் தடித்து வளர்ந்திருந்தது. குளிரை அளக்கும் கம்பி அந்தப் பனிக்குள் புதைந்து கிடந்தது. திரை காட்டியதெல்லாம் அந்தப் பனிக்கட்டியின் குளிரைத்தான். வளர்ந்த பனி தட்டுகளை முன்னால் தள்ளியிருந்தது. முன் தட்டின் விளிம்பு கதவின் உட்புறத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. கதவு சாத்தியது போல இருந்திருக்கிறது, சாத்தவில்லை. மயிரிழை இடைவெளி. அதன் வழியே வெளிக்காற்று நுழைந்து, நுழைந்த ஈரம் இன்னும் பனியாகி, பெட்டி மூச்சுத் திணறி ஓடி, கடைசியில் படுத்துவிட்டது.

பனியை எடு, பனியை எடு என்று மெக்கானிக் பல தடவை சொன்னதுதான். பனி எடுப்பதென்றால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒரு நாள் முழுக்கக் கதவைத் திறந்து போட வேண்டும். கதவு அக்காவுக்கு அது மட்டும் மனசு வரவில்லை. அடுத்த மாசம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் இப்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாய்க்கு மூடி இல்லாதவர் பேசாமல் நின்றதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

பின்னால் இருந்தவை கல்லாகத்தான் இருந்தன. நடுவில் இருந்தவையும் உறைந்தபடியே இருந்தன. முன் தட்டிலிருந்து ஒரு குழாயை எடுத்துச் சாய்த்தாள். உள்ளே துளி ஓடியது.

ரயில் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. மெதுவாகக் கேட்டாள். "மேல் மாடியில வெச்சா சாயங்காலத்துக்குள்ள ஐஸ் ஆயிடும்லக்கா?"

"ஆயிடும்."

"பாத்தா தெரியாதுல்ல?"

"தெரியாது. அதான் பயமே." அக்கா தட்டை வெளியே எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தாள். "நாம பாத்துத் தெரிய வேணாம். மிஷின் பாக்கட்டும்."

அந்த மிஷின் ஒரு திரவத்தை மெல்லிய குழல் வழியே அழுத்தித் தள்ளி, அதில் இருப்பதைப் பிரித்துக் காட்டும். திரையில் ஒரு கோடு ஓடும். பொருள் நன்றாக இருந்தால் ஒரே ஒரு செங்குத்தான மலை எழும். கெட்டிருந்தால் பக்கத்தில் குன்றுகள் முளைக்கும். முதல் மூன்று பெப்டைடுக்கும் ஒற்றை மலை. நான்காவதுக்கு மலை எழும்போதே தோளில் ஒரு குன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த மாலையில் காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடும் மணி ஒன்று இருந்தது. அக்காவுக்கு அது தெரியும்.

அவள் அதே பெப்டைடில் இன்னொரு குழாயைப் போடச் சொன்னாள். குன்று இன்னும் உயரம். முன் தட்டின் மூலையில் உள்வாங்கி இருந்த மற்றொன்றில் குன்று மிகச் சிறியது. மூன்று குழாயும் ஒரே நாளில் ஒரே கரைசலிலிருந்து பிரித்தவை.

ரயில் மூன்று கோடுகளையும் பார்த்தாள். வேகமாகப் பேசுகிறவள் இப்போது ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். "இது நேத்து ராத்திரி மட்டும் ஆனதில்லைக்கா."

"இல்ல. கதவு சாத்தாம எத்தனை நாளோ. முன்னாடி இருந்தது உருகி உருகி உறைஞ்சிருக்கு."

"ஒரு நாள் நல்ல குழாய், ஒரு நாள் கெட்ட குழாய்."

"ஆமா."

"அப்ப என் கை இல்லையா?"

அக்கா முன் தட்டை நினைத்தாள். நல்ல இடம் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்த இடம் அது. "உன் கை இல்ல" என்றாள். "என் கதவு." அதையே அப்படியே போய்த் தலைவரிடமும் சொன்னாள். அவர் கோடுகளை நெடுநேரம் பார்த்துவிட்டு, நாளைக்குச் செல்கள் தயார், வேறு பொருள் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. கரைத்தது போக மிச்சமிருந்த தாய்க்குப்பி. ஈரம் உறிஞ்சும் மணிகளோடு தகர டப்பாவில் வைத்து, டேப் சுற்றி, பின் வரிசையில் கிடந்தது. பவுடராக இருப்பது எளிதில் கெடாது. பனியை ஒட்டி இருந்ததால் குளிரும் போகவில்லை. அக்கா அதை எடுத்துச் சாடிக்குள் வைத்து மூடினாள். ரயில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, எவ்வளவு நேரம் என்று கேட்காமல் உட்கார்ந்தாள். மெக்கானிக்கும் ஓரமாக உட்கார்ந்தார்.

"மாமா, நீங்க எதுக்கு?"

"கம்ப்ரஸர் வர்ற வரைக்கும் எனக்கும் வேலை இல்லம்மா. இங்க உக்காந்தா இவளும் திட்ட மாட்டா."

குப்பி அறையின் சூட்டுக்கு வந்தது. ரயில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "காலியா இருக்கேக்கா."

"அப்படித்தான் தெரியும். பாதி சுவத்துல ஒட்டிக்கிட்டிருக்கும். சுத்தற மிஷின்ல போட்டு அடிக்குக் கொண்டு வா. தண்ணியைச் சுவரோரமா விடு. குலுக்காத."

ஒன்றும் இல்லாததுபோல இருந்த குப்பிக்குள் ரயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். கை நடுங்கவில்லை. கோடு ஓடியது. மலை எழுந்து, மறுபக்கம் வழுக்கி இறங்கி, தரையோடு தரையாகப் போனது. தோளில் ஒன்றும் இல்லை. அளவு குறைவுதான். செல்களை வளர்த்த சிறு கிண்ணங்களில், நினைத்ததில் பாதிக்குத்தான் வரும். போதும் என்றார் தலைவர்.

அந்தப் பாதிக் கிண்ணங்களில் நான்காவது பெப்டைடின் எண்கள் அசையாமல் நின்றன. முன்பு எடுத்த எண்களில் எவற்றைத் தூக்கிப் போட வேண்டும் என்று ரயிலும் தலைவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். நிறையப் போடத்தான் வேண்டியிருந்தது. ரயில் ஊருக்குப் போவதாகப் பிறகு சொல்லவில்லை.

புதிய கம்ப்ரஸர் வந்த அன்று அக்கா எல்லாவற்றையும் மேல் மாடிக்கு மாற்றினாள். தரையில் சாக்கும் பழந்துணியும் விரித்து, ஃப்ரீசர் கதவை அகலத் திறந்து, அது மூடாமல் இருக்க அதே நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். பனி பொத்தென்று பாளம் பாளமாக விழுந்துகொண்டிருந்தது. அளக்கும் கம்பியை மெக்கானிக் முன் தட்டின் பக்கம் கொண்டுவந்து கட்டினார்.

அந்த வழியாகப் போன ஒவ்வொருவரும் வாசலில் ஒரு நொடி நின்று, "கதவு" என்றார்கள். தலைவர் இரண்டு தடவை வந்து சொன்னார். ரயில் சொன்னதற்குக் கணக்கே இல்லை.

அக்கா குனிந்து ஈரத் தரையைத் துடைத்தாள். துணியைப் பிழிந்து வாளியில் விட்டுவிட்டு, புருஷனிடம் கையை நீட்டினாள்.

"கதவுல நுழைச்சுப் பாத்தீங்களே, அந்தக் காகிதத்தைக் குடுங்க. இனிமே அது என்கிட்ட இருக்கட்டும்."