சாதாத் திட்டு, ஸ்பெஷல் திட்டு

எங்கள் கணக்கு டீச்சர் திட்ட ஆரம்பித்தால் பக்கத்து வகுப்பிலும் பாடம் நின்றுவிடும். அங்கே இருக்கிறவர்களும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். ஒருத்தனைத் திட்டியதை இன்னொருத்தனுக்குத் திருப்பிச் சொல்ல மாட்டார் அவர். ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைத்த மாதிரி புதிதாக ஒன்று இருக்கும். வழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதிக் கொண்டுபோன எனக்குக் கிடைத்தது இது:

"ஏண்டா அப்பு, தேவாரத்துத் தோட்டத்துல எறங்குற யானை கூட வந்த வழியக் காட்டிட்டுத்தான் போகுது. நீ வழியே இல்லாம எப்புடிறா விடைக்கு வந்த? பறந்து வந்தியா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு வழி எழுதாமல் ஒரு கணக்குக்கூடப் போட்டதில்லை. இன்றைக்கு என் உரக்கடையில் பில் போடும்போதும் ஓரத்தில் பெருக்கிக் காட்டித்தான் கொடுக்கிறேன். சிலமலை ஊர்க்காரர்கள் என்னை நம்புவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எனக்கு டீச்சரின் குரல் அப்படியே வரும். நான் மீசை வைத்த தடித்த ஆள். பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் டீச்சரேதான். பள்ளியில் படிக்கும்போது ஒருநாள் வகுப்பில் அவர் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றுவிட்டார். முழுசாகக் கேட்டுவிட்டு, "என்னய விட நல்லாத் திட்டுறியே. தொண்டை நோகுதுன்னு நானே நெனச்சேன். நாளைக்கு நீ வந்து திட்டு, நான் பாடம் மட்டும் நடத்துறேன்" என்றார்.

அந்த டீச்சர் போன வருஷம் இறந்துபோனார். எங்கள் செட்டு ஆட்கள் எல்லோரும் சாவு வீட்டில் கூடினோம். மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்து படிக்கிற பிள்ளைகளில் ஒருவருக்கு வருஷா வருஷம் டீச்சர் பெயரில் கல்லூரிக் கட்டணம் கட்டுவது என்று அங்கேயே முடிவானது. வாட்சப் குழுவும் தொடங்கினோம். குழுவில் கும்பிட்ட கைகள் வந்து குவிந்தன. கும்பிட்ட கை ஒன்றுகூட மடிக்குப் போகவில்லை.

வசூல் பொறுப்பு மருந்துக்கடை வைத்திருக்கும் எங்கள் வகுப்புத் தோழியிடம் இருந்தது. நாங்கள் அவளை மெடிக்கல் என்றுதான் கூப்பிடுவோம். அவள் என்னை உரம் என்பாள். ஏலக்காய் வியாபாரம் செய்கிற நண்பனுக்கு ஏலக்காய் என்று பெயர். எங்களில் வசதியானவன் அவன். கைக்கு அகப்படாதவனும் அவன்தான். ஒரு சாயங்காலம் மெடிக்கலின் கடை மாடியில் கூட்டம் போட்டோம். ஏலக்காய் வந்தான். வந்ததிலிருந்து இந்த வருஷம் மழை இல்லை, காய் இல்லை, விலை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் இருந்து டீச்சர் குரலில் கேட்டேன்:

"என்னடா, நேர்கோடு போடச் சொன்னா போடிமெட்டு ரோட்டப் போட்டுக்கிட்டு இருக்க? எத்தன வளைவுறா வளைவ? நேரா வா!"

ஏலக்காய் துள்ளி எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அடுத்த நிமிஷம் சட்டைப்பைக்குள் கையை விட்டு இருந்ததையெல்லாம் மேசைமேல் வைத்தான். பிறகுதான் அவனுக்குச் சுயநினைவு வந்தது.

"அடப்பாவி, நீயா?" என்று என்னை அடிக்க வந்தான். வந்தவன் பாதியில் நின்று, "டே, இன்னொருக்கா சொல்லுடா" என்றான்.

மெடிக்கல் மேசைமேல் இருந்த பணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "உரம், ஒனக்கு ஞாயித்துக்கெழம ஏதாச்சும் சோலி இருக்கா?" என்றாள்.

இப்படித்தான் நாங்கள் திட்டு விற்க ஆரம்பித்தோம்.

பள்ளியில் அனுமதி வாங்கி எங்கள் பழைய வகுப்பறையைத் திறந்தோம். வாசலில் 'டீச்சர் நினைவாகத் திட்டு வாங்க வாரீர்' என்று பேனர் கட்டினோம். மெடிக்கல் வாசலில் மேசை போட்டு டோக்கன் கொடுத்தாள். உட்கார்ந்தபடி வாங்கினால் சாதா, பெஞ்சு மேல் ஏறி நின்று வாங்கினால் ஸ்பெஷல். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குப் போனில் பதிவு செய்து அனுப்புவது பார்சல். நான் டீச்சர் மாதிரியே மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டு, கையில் சாக்பீசோடு கரும்பலகைக்கு முன்னால் நின்றேன்.

நாலு பேர் வருவார்கள் என்று நினைத்தோம். வரிசை கேட்டைத் தாண்டிவிட்டது. நரைத்த தலையும் தொப்பையுமாக வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் எல்லோருக்கும் எங்கிருந்தோ பதின்மூன்று வயது வந்துவிட்டது. ஒரு பலசரக்குக் கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரைக் கிள்ளினார்.

ஏலக்காய் ஸ்பெஷல் கேட்டான். பெஞ்சில் ஏற்றிவிட்டோம். "ஏழுக்குக் கீழ எட்டப் போட்டுக் கழிக்கிறியே, கடன் வாங்குனியாடா? கடன் குடுத்தவன்கிட்டச் சொன்னியா?" என்று ஆரம்பித்து நன்றாகக் கொடுத்தேன். ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டான். ஆனால் இறங்க முடியவில்லை, முழங்கால் பிடித்துக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து சாமி இறக்குகிற மாதிரி இறக்கினோம். கீழே வந்ததும் "ஏறுனதுக்குக் காசு சரி, எறக்குனதுக்கும் சேத்து வாங்கிக்க" என்று மெடிக்கலிடம் அவனாகவே இன்னொரு நோட்டைக் கொடுத்தான்.

போடிமெட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு ஓட்டுநர் ஒருவர் வரிசையை மீறி உள்ளே வந்தார். "அண்ணே, வெரசாத் திட்டி விடுங்க. ஜீப்புல ஆளுக ஒக்காந்திருக்காக" என்றார். அவருக்கு அவசரத் திட்டு ஒன்று கொடுத்தோம். போகும்போது, ஜீப்பில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கேட்டதற்குக் காசு உண்டா என்று மெடிக்கல் கேட்டாள். அவர் ஓடியே போய்விட்டார்.

ஒரு அம்மா தன் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அவரைப் பார்த்தால் எங்கள் பள்ளி ஆள் மாதிரித் தெரியவில்லை.

"இவரு டீச்சர்கிட்டப் படிச்சாராம்மா?"

"படிச்சிருந்தா இப்புடி இருப்பாரா? அதுக்குத்தான் கூட்டியாந்தேன். ரெண்டு ஸ்பெஷல் போடுங்க."

அவர் பரிதாபமாகப் பெஞ்சில் ஏறினார். என்ன தப்புச் செய்தார் என்று அந்த அம்மாவிடமே கேட்டுக் கேட்டுத் திட்ட வேண்டியிருந்தது. அந்த அம்மா சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

மத்தியானத்துக்கு மேல் குரல் கரகரத்தது. மெடிக்கல் கடையிலிருந்து மாத்திரை வரவழைத்தாள். ஏலக்காய் தன் பங்குக்கு ஒரு கைப்பிடி ஏலக்காயை என் வாயில் திணித்தான். எதற்கும் அசையவில்லை. கடைசியில் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து டீச்சரின் வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.

அவர் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். நாங்கள் யாரும் அவரிடம் இதைச் சொல்லியிருக்கவில்லை. செத்துப்போன மனைவியை வைத்துக் கூத்தடிக்கிறோம் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம்தான். ஏலக்காய் பேனரை அவிழ்க்க ஓடினான். நான் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

அவர் கையில் டோக்கன் இருந்தது.

"ஸ்பெஷல் கேட்டேன், வயசாயிருச்சுன்னு சாதாதான் குடுத்துச்சு அந்தப் புள்ள" என்று முன் பெஞ்சில் உட்கார்ந்தார். "திட்டுப்பா."

நான் தொண்டையைக் காட்டிக் கையை விரித்தேன். மெடிக்கல் அவசரமாக, "சார், இவனுக்குச் சத்தம் போயிருச்சு. இன்னொரு நா வீட்டுக்கே வந்து..." என்றாள்.

அவர் முகம் சுருங்கிப்போனது. "வீட்டுல அவ சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லம்மா. எல்லாத்தையும் இங்கயே தீத்துட்டு வந்துருவா. ஊரெல்லாம் பேசுறாக, அவ இப்புடித் திட்டுனா, அப்புடித் திட்டுனான்னு. நான் மட்டும் கேட்டதில்ல. அதான் வந்தேன்."

நான் கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டினேன். சாக்பீசை அவர் முன்னால் நீட்டி, இடுப்பில் கையை வைத்து, வாயை மட்டும் அசைத்தேன். பின்னாலிருந்து பலசரக்குக் கடைக்காரர், அந்த நாளில் டீச்சரிடம் தனக்குக் கிடைத்த திட்டை எடுத்துவிட்டார். அவருடையது அண்டாவைத் தேய்க்கிற மாதிரிக் குரல்:

"வட்டம் போடச் சொன்னா வடையப் போட்டு வச்சிருக்க! நடுவுல ஓட்டை வேற!"

போஸ்ட்மாஸ்டர் கண் விரிந்தது. நான் அடுத்ததற்கு வாயைத் திறந்தேன். மெடிக்கல் குரல் கொடுத்தாள்: "கூட்டச் சொன்னா வீட்டக் கூட்டுற மாதிரி எல்லாத்தையும் ஓரத்துல ஒதுக்கி வச்சிருக்கியே ஆத்தா!"

"டேய்..." என்று ஆரம்பித்த ஏலக்காய், யாரை டேய் என்கிறோம் என்று உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சும்மா சொல்லுப்பா. டேயும் சேத்துத்தான் காசு குடுத்திருக்கேன்" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

அவ்வளவுதான், எல்லோரும் அவரவர் திட்டை எடுத்துவிட்டார்கள். நான் எந்தக் குரலுக்கு வாயசைப்பது என்று தெரியாமல் திணறினேன். ஒரே நேரத்தில் மூன்று பேர் பேசினால் நான் என்ன செய்ய முடியும்? அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டு, "இவ்வளவு வச்சுக்கிட்டு என்கிட்ட ஒண்ணு கூடச் சொல்லலியே. கஞ்சப் பொம்பள" என்றார்.

முதல் வருஷத்துக்குத் தேவையானது சேர்ந்துவிட்டது. போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத் தோட்டத்தில் காய் எடுக்கிறவரின் மகளைப் பள்ளியே தேர்ந்தெடுத்துச் சொன்னது. நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. போஸ்ட்மாஸ்டர் கையால் காசோலையைக் கொடுக்க வைத்தோம். அந்தப் பெண் வாங்கிக்கொண்டு, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நினைத்தாளோ என்னவோ, "சார், ஒண்ணு உண்மையச் சொல்லிர்றேன். எனக்குக் கணக்கு மட்டும் சுத்தமா வராது" என்றாள்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய அப்பா அவள் முழங்கையை இடித்தார்.

போஸ்ட்மாஸ்டர் குனிந்து, ரகசியம் சொல்வது போல, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்கும் வராதும்மா. முப்பது வருஷம் மணியார்டர் கணக்க அவதான் சரி பாத்துக் குடுத்தா" என்றார்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெளியே ஜீப்பு ஆரன் அடிக்கவே, அப்பாவும் மகளும் காசோலையைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார்கள்.