எங்கள் வாசலில் நின்ற டிரெய்லர்

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கே டாக்டர் கேட்டார், எப்படி விழுந்தீர்கள் என்று. "பாத்ரூம்ல வழுக்கிடுச்சு டாக்டர்" என்று அம்மா சொன்னாள். அப்பா கட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். வீட்டுக்குப் போன பிறகு வாக்கர் பிடித்து நடக்க வேண்டும், மாடிப்படி ஏறவே கூடாது, இன்னொரு முறை தடுக்கியோ வழுக்கியோ விழுந்தால் அப்புறம் எழுந்து நடப்பது சந்தேகம்தான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அந்தக் கோபம் முழுக்க அந்த பாத்ரூம் டைல்ஸ் மேல் திரும்பியது. கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும், பார்க்க அழகு. மறுநாளே ஒரு கொத்தனாரைப் பிடித்து வந்து, மொத்தத்தையும் உடைத்துப் போட்டுவிட்டு சொரசொரப்பான டைல்ஸ் பதிக்கச் சொன்னேன். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைக்கச் சொன்னேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அவரையும் சேர்த்து உடைத்திருப்பேன்.

அடுத்த பிரச்சினை அம்மாவை எங்கே படுக்கவைப்பது என்பது. ராஜகீழ்ப்பாக்கத்தில் அப்பா கட்டிய வீட்டில் படுக்கையறை மாடியில். கீழே ஹால், சமையலறை, பாத்ரூம், அதை விட்டால் முன்பக்கம் ஓர் அறை. அந்த அறையில் மனிதர் யாரும் படுக்க முடியாது. அது அப்பாவின் சாமான் அறை.

அப்பா ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆன மறு வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ் பிடித்துப் பல்லாவரம் சந்தைக்குப் போவார். ஊரில் எல்லோரும் வேண்டாமென்று கழித்துக் கட்டியது எல்லாம் அந்தச் சந்தைக்கு வரும், அதில் ஏதாவது ஒன்று அப்பாவின் தோளில் ஏறி எங்கள் வீட்டுக்கு வரும். உள்ளே கம்பிச்சுருள் கருகிப்போன மோட்டார், மூடுகதவு வைத்த பழைய டி.வி. பெட்டி, கெய்சரின் வெறும் டாங்க், சைக்கிள் ரிம்கள், பிளைவுட் துண்டுகள். கடைசியாக வந்தது ஒரு ஸ்டாண்ட் ஃபேனின் அடிப்பாகம். ஃபேன் இல்லை, கம்பம் இல்லை. கீழே இருக்கும் வட்டமான கனத்த இரும்பு அடி மட்டும். அறையில் இடம் தீர்ந்துபோய், சமையலறைக்குப் போகும் நடைவழியில் சுவரோரமாக அதை வைத்திருந்தார். இது எதற்கப்பா என்று கேட்டால், "இப்ப இந்த மாதிரி வெயிட் வர்றதில்லம்மா" என்பார். அதுதான் பதில். அவற்றை யாராவது குப்பை என்று சொல்லிவிட்டால் அன்று ராத்திரி சாப்பிட வரமாட்டார். அவை சாமான்.

அம்மாவை வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிஸ்சார்ஜ் செய்வதாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் அந்த அறை காலியாக வேண்டும். அப்பாவோடு பெரிய சண்டை ஒன்று இருக்கிறது என்று நான் குரோம்பேட்டையில் இருக்கும் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போதே வசனங்களைத் தயார் செய்துகொண்டு வந்தேன். வந்து, "அப்பா, அந்த ரூமை..." என்று ஆரம்பித்தேன். "எல்லாத்தையும் எடுத்துடலாம்" என்றார். மீதி வசனங்கள் எனக்கு வீணாகப் போயின.

டைல்ஸ் உடைத்த ரப்பிஷ் வேறு வாசலில் மலையாகக் கிடந்தது. மணல், ஜல்லி விற்கும் கடையில் சொல்லி ஒரு டிராக்டரை டிரெய்லரோடு வரவழைத்தேன். வியாழக்கிழமை மதியம் வந்தது. டிரைவர் இறங்கி, ரப்பிஷைப் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியாக அறையைப் பார்த்தார்.

"இன்னாக்கா, வெறும் டைல்ஸுன்னு சொன்னாங்கோ. இங்க ஒரு வூடே கீது?"

இன்றைக்கே ஏற்றி முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. அவருக்கு வேறு இடத்தில் ஒரு தண்ணீர் டாங்க் இழுக்கும் வேலையும் இருந்தது. டிரெய்லரைக் கழற்றி எங்கள் வாசலிலேயே விட்டார். "நீங்க ரொப்பி வையுங்கக்கா. காலைல வந்து இஸ்துகினு பூடறேன்" என்று டிராக்டரை மட்டும் ஓட்டிக்கொண்டு போனார்.

கொத்தனாரின் ஆட்கள் ரப்பிஷை அள்ளிப் போட ஆரம்பித்தபோது அப்பா நடைவழியிலிருந்து அந்த இரும்பு அடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். டிரெய்லரின் அடித்தட்டில் அதை வைத்துவிட்டு, "இதுக்கு மேல கொட்டுங்க" என்றார். ஆட்களில் ஒருவர், "நல்ல இரும்பு சார், எடைக்குப் போடலாமே" என்று சொல்லிப் பார்த்தார். அப்பா அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கித் தானே மூன்று நான்கு தடவை ரப்பிஷை அள்ளி அதன்மேல் போட்டு மூடினார். தனக்கில்லாத பொருள் வேறு யாருக்கும் கிடைத்துவிடக் கூடாதாம், அப்படியொரு கஞ்சத்தனம் என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ரப்பிஷை ஏற்றியபின் டிரெய்லரில் பாதிக்கு மேல் இடம் இருந்தது. அறைச் சாமானை விடிந்ததும் ஏற்றிக்கொள்ளலாம் என்று நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் திரும்பி வந்து பார்த்தால் டிரெய்லர் நிரம்பி வழிந்தது. எங்கள் சாமான் ஒன்றுகூட அதில் இல்லை. மேலாக ஓர் இலவம்பஞ்சு மெத்தை, அதன் கீழே கட்டில் பலகைகள், உடைந்த கமோடு, விரிசல் விட்ட பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, கம்ப்யூட்டர் மானிட்டர், ஒரு சின்ன சைக்கிள், காகிதம் கிழிந்த கிறிஸ்துமஸ் நட்சத்திரம். தெருவில் ஒரு மதபேதம் கிடையாது, எல்லா வீட்டிலிருந்தும் வந்திருந்தது. குப்பை வண்டிக்காரர் தொடமாட்டேன் என்று விட்டுப்போனதையெல்லாம் வைத்துக்கொண்டு, தெரு மொத்தமும் இப்படியொரு வண்டிக்காகத்தான் காத்திருந்திருக்கிறது.

எதிர்வீட்டு அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். "அக்கா, இந்த மெத்தை யார் வீட்டுது?" என்று கேட்டேன்.

"தெரியலையேம்மா. யாரோ போட்டிருக்காங்க."

"சரி, நானே இறக்கி ரோட்டுல போடறேன்."

"அய்யோ, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. வீட்டுலேர்ந்து எதையும் வெளிய அனுப்பக் கூடாதுன்னுதான் நேத்து விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடியே கொண்டுவந்து..." என்றவர் நிறுத்திக்கொண்டு, புள்ளியை எண்ணுவது போலக் குனிந்துகொண்டார்.

ஆக, தெருவே வெள்ளிக்கிழமைக்குப் பயந்து வியாழக்கிழமை மாலையில் வீட்டைக் காலி செய்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாயங்காலம் அம்மா வருகிறாள். அறை அப்படியே இருக்கிறது. அம்மாவை ஹாலில், போகிற வருகிறவர் காலடியில் படுக்கவைக்க வேண்டுமா? ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டி அவரவர் பொருளை அவரவர் தலையில் கட்டிவிட்டு வருவதென்று கிளம்பினேன். அதற்குள் டிராக்டரும் வந்துவிட்டது. இன்னொரு நடை வர முடியுமா என்று டிரைவரிடம் கேட்டேன்.

"இன்னிக்கு சான்ஸே இல்லக்கா. மத்தியானத்துல இருந்து வேற லோடு கீது. ஒரே நடைதான்."

நான் அவரிடம் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே, அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரெய்லரில் ஏறினார். மெத்தையை இறக்கினார். தொட்டியை இறக்கினார். மானிட்டரை மார்போடு அணைத்து மெதுவாக இறக்கினார். ஊர்க் குப்பையும் நம் வீட்டுக்குள் வரப்போகிறது என்றே நினைத்தேன்.

"அப்பா! இன்னிக்குக் கூடவா? அம்மா வர நேரத்துலயா இதெல்லாம் பொறுக்கணும்?" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். "கத்தாதேம்மா. இவங்க வண்டியில பாதி காத்தைத்தான் ஏத்தி வெச்சிருக்காங்க. நீ ரூம்ல இருக்கிறதை வெளிய எடுத்துட்டு வா."

பிறகு அவர் செய்ததை நான் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும், நேரமில்லை. கட்டில் பலகைகளை டிரெய்லரின் ஓரத்தில் வரிசையாகச் செருகி நிறுத்தினார். டிரெய்லருக்கு இன்னும் கொஞ்சம் உயரம் கிடைத்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் கமோடு, கமோடைச் சுற்றி மோட்டார்கள். டி.வி. பெட்டிக்குள் மானிட்டர். கெய்சர் டாங்குக்குள் நட்டு, போல்ட், சுவிட்சு என்று சில்லறைச் சாமான் முழுவதும் போனது. சைக்கிள் ரிம்களுக்குள் சின்ன சைக்கிள். இத்தனை வருடம் ஒரு சின்ன அறைக்குள் ஒரு சந்தையையே அடக்கி வைத்திருந்த மனிதர். அதே கை அதே சாமானை இப்போது வெளியே அனுப்ப அடுக்கியது. டிரைவரும் கீழிருந்து எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். "சாரு லாரி ஷெட்டுல இருக்க வேண்டிய ஆளுக்கா" என்றார்.

எதிர்வீட்டு அக்காவுக்கு மனது கேட்கவில்லை. கோலப்பொடிக் கையோடு வந்து நின்றார். "சார், அம்மா வீட்டுக்கு வர நாளு. வெள்ளிக்கிழமை வேற. வீட்டுப் பொருளை இப்படி வெளிய அனுப்பறீங்களே?"

"குப்பைக்கு ஏதும்மா வெள்ளிக்கிழமை?" என்றார் அப்பா.

நான் கையிலிருந்த பிளைவுட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். வியர்த்திருந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

கடைசியில் மெத்தையை எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக் கயிறு கட்டினார்கள். டிராக்டர் தெரு முனையில் திரும்பும்வரை ஒரு துண்டுகூட விழவில்லை. பள்ளமான மனை ஒன்றை நிரப்பப் போகிறேன் என்றார் டிரைவர். ரப்பிஷ் மனைக்குப் போகும், மெத்தையும் கமோடும் எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத்தான் தூக்கம் கெடும்.

மத்தியானம் முழுக்க அறையைக் கழுவினேன். டி.வி. பெட்டி நின்ற இடத்துக்குப் பின்னால் இன்னொரு ஜன்னல் இருந்தது. அப்பா அதன் கொண்டிக்கு எண்ணெய் போட்டுத் திறந்தார். மாடியிலிருந்து ஒற்றைக் கட்டிலை இறக்கிப் போட்டோம்.

சாயங்காலம் என் கணவர் அம்மாவை வேனில் அழைத்து வந்தார். அம்மா வாக்கரைத் தள்ளித் தள்ளி ஹாலைக் கடந்து அறைக்கு வர எவ்வளவோ நேரம் ஆயிற்று. அப்பா பின்னால் இரண்டு கையையும் ஏந்தியபடியே வந்தார். கட்டிலில் உட்கார்ந்ததும் அம்மா ஜன்னலைப் பார்த்து, "காத்து வருதே" என்றாள். நான் பெருமையோடு புது பாத்ரூமைப் பற்றிச் சொன்னேன். சொரசொரப்பான டைல்ஸ், கம்பி, இனிமேல் நீயே நினைத்தாலும் வழுக்காது என்றேன். "நல்லதும்மா" என்று அம்மா தலையை ஆட்டினாள். எதிர்வீட்டு அக்கா வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

நான் காபி போட சமையலறைக்குப் போனேன். டம்ளரோடு திரும்பி வரும்போது நடைவழியில் அம்மாவின் குரல் கேட்டது. ரகசியம் பேசுவது போல அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வழியில இருந்துச்சே, அந்த ஃபேன் அடி. எங்க காணோம்?"

"போட்டுட்டேன்."

"எதுக்குங்க? அதான் நான் பாத்ரூம்னு சொல்லிட்டேன்ல? அதுல தடுக்கித்தான் விழுந்தேன்னு யாருக்குத் தெரியப்போவுது? ஆசையா தூக்கிட்டு வந்தீங்க."

நான் அங்கேயே நின்றேன். பக்கத்தில் பாத்ரூம் கதவு திறந்திருந்தது. எந்தப் பாவமும் அறியாத டைல்ஸை உடைத்துவிட்டுப் பதித்த புது டைல்ஸ் பளிச்சென்று தெரிந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, அழுகைதான் ஜெயித்தது. காபி ஆறினாலும் பரவாயில்லை என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அப்பா அறையிலிருந்து வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், எல்லாம் கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து, அம்மா வந்த அவசரத்தில் நான் நடைவழியில் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் கையால் எடுத்து, வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.