தலையாட்டிய குட்டி

ஈர வைக்கோலும் குதிரை மூத்திரமும் கலந்து மூக்கின் உச்சியில் ஏறும் அந்த நெடி எனக்கு இன்றும் பிடிக்கும் என்று சொன்னால் என் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் பினாங்கில் பந்தயக் குதிரைகளைக் கட்டும் லாயத்துக்குப் பின்னாலிருந்த ‘குவாட்டர்ஸ்’ வீட்டில் வளர்ந்தவளுக்கு அதுதான் வீட்டு மணம். என் அப்பா அங்கே ‘சைஸ்’, அதாவது குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, நடத்திக் கூட்டிப் போகிறவர். எழுபதுகளின் கடைசியில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு செம்பழுப்புப் பெட்டைக் குதிரை, வயிறு பெருத்ததைத் தீனிக் கொழுப்பு என்று எல்லாரும் நினைத்திருக்க, ஒரு விடியற்காலையில் குட்டி போட்டுவிட்டது.

பிறந்த குட்டி சற்று நேரத்தில் எழுந்து மடியைத் தேடும். இதுவும் கால்களை அகட்டி வைத்து எழுந்து நின்றது. ஆனால் மடியை நோக்கி முகத்தை நீட்டியதுமே அதன் தலை மேலும் கீழுமாக ஆடத் தொடங்கியது. நெருங்க நெருங்க ஆட்டம் கூடி, மூக்கு தாயின் தொடையில் இடித்து, குட்டி விழுந்தது. குதிரை டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னதை அப்பா வீட்டில் வந்து சொன்னார்: “தலைக்குள்ள பின்பக்கம் இருக்கிற சின்ன மூளை சரியா வளரலையாம். வயித்துக்குள்ளேயே வந்த கோளாறு, மருந்து இல்லேன்னுட்டாரு. ஊசி போட்டு முடிச்சிடலாங்கிறாரு.”

அதைத் தடுத்தவர் ‘மண்டோர்’. லாயத்து ஆட்களுக்கெல்லாம் தலைவரான அவர்தான், வாசலில் இருந்த முனீஸ்வரர் கோயிலுக்கும் பூசாரி. “இது நோயில்லலா, முனி இறங்கியிருக்காரு. அருள் வந்து ஆடுற தலையப் பிடிச்சுக்கிட்டு ஊசி போட எவன் நிப்பான்?” என்று அவர் கேட்டார். எவனும் நிற்கவில்லை. குட்டியின் கழுத்தில் மாலை விழுந்தது. ஆயர் ஈத்தாமிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து ஆட்கள் ‘நம்பர்’ கேட்க வந்தார்கள். குட்டி எத்தனை முறை தலையாட்டுகிறதோ அதை வைத்து லாட்டரி எழுதினார்கள். சாமிக்கு வேறு வேலையே இல்லை என்று அவர்களுக்கு நினைப்பு.

பள்ளி விட்டு வந்ததும் குட்டிக்குப் பால் புகட்டுவது என் வேலை. அப்பா தாயிடம் கறந்து வைத்ததைப் போத்தலில் ஊற்றி, அதன் தாடையை என் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொடுப்பேன். அதனால் மற்றவர்கள் கவனிக்காத ஒன்றை நான் கவனித்திருந்தேன். தூங்கும்போது அந்தத் தலை அசைவதே இல்லை, சும்மா நிற்கும்போது லேசாக நடுங்கும், போத்தலைக் கண்டுவிட்டால்தான் பெரிதாக ஆடும். அருள் பாலைப் பார்த்துத்தான் வருகிறது என்று கண்டுபிடித்தவள் வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் அடுத்த நாள் ஊசி.

இரண்டு வாரமாகியும் ஒருவருக்கும் நம்பர் அடிக்கவில்லை. மாலைகள் நின்றன. “சும்மா நோய்தான் போல” என்று மண்டோரே ஒரு நாள் அப்பாவிடம் இழுத்துப் பேசியது என் காதில் விழுந்தது.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா குட்டியிடம் வந்தார். அக்காவின் கணவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகக் கடிதம் இல்லை. தாசேக் கெலுகோரிலிருந்த அக்காவின் அண்ணன், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் ஒருவரை மாப்பிள்ளையாகப் பேசி வைத்துவிட்டு, “எத்தன நாளைக்கி இப்படியே இருப்ப? ஞாயித்துக்கிழம வரேன், பெட்டியக் கட்டி வை” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்காவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மண்டோரும் அப்பாவும் பார்த்துக்கொண்டிருக்க, குட்டியின் முன்னால் சூடம் ஏற்றி, “அவரு திரும்பி வருவாரா, முனியய்யா? நான் இருக்கவா?” என்று கேட்டார்.

குட்டி சும்மா நின்றது. மண்டோர் உதட்டைப் பிதுக்கினார். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் பாவாடை மடிப்புக்குள் போத்தல் இருந்தது. அதை எடுத்து அக்காவின் தோளுக்கு மேல் ஒரு கணம் தூக்கிக் காட்டிவிட்டு மறைத்துக்கொண்டேன். அக்காவையே பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள் கவனிக்கவில்லை. குட்டி ஆம், ஆம், ஆம் என்று தலையாட்டியது. அக்கா அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். மண்டோர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். குட்டி பிழைத்தது என்ற சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த அண்ணனை அக்கா வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

அதற்கு ஒன்பதாம் நாள் குட்டி ‘லோங்காங்’ என்று நாங்கள் சொல்லும் கால்வாயில் தடுமாறி விழுந்து முன்கால் எலும்பை முறித்துக்கொண்டது. இந்தத் தடவை ஒருவரும் குறுக்கே நிற்கவில்லை. அப்பாதான் தலையைப் பிடித்துக்கொண்டார். ஊசி இறங்கியதும் அந்தத் தலை ஆடாமல் நின்றதை நான் பார்த்தேன். அன்று இரவே அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். நாளைக்கு என்று தள்ளினேன். எத்தனை நாளைக்கு என்று கேட்காதீர்கள்.

குவாட்டர்ஸை இடித்துவிட்டார்கள், மாலையில் குதிரைகளை நடத்திவரும் குளம்புச் சத்தம் கேட்ட பாதையில் இப்போது கார்கள் நிற்கின்றன. மண்டோரும் அப்பாவும் போய்விட்டார்கள். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீடொன்றில் தனியாக இருந்த அக்காவை ஒவ்வொரு தீபாவளிக்கும், கடலுக்கு அக்கரையில் நான் குடியிருக்கும் பிறை என்ற ஊரிலிருந்து போய்ப் பார்ப்பேன். பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டே, “நீயுந்தானே பாத்தே, எப்படி ஆட்டிச்சு” என்பார். நான் முறுக்கைக் கடித்துக்கொள்வேன்.

போன வருடம் அக்கா இறந்தார். கணவர் இருக்கிறாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாததால், தலை நிறையப் பூ வைத்து, தாலியோடு கிடத்தியிருந்தார்கள். வந்த பெண்களெல்லாம், “பூவும் பொட்டுமா போயிட்டா, கொடுத்து வச்சவ” என்று சொல்லி, காலடியில் இருந்த தட்டிலிருந்து ஆளுக்கொரு துளி குங்குமம் எடுத்துக்கொண்டார்கள். நான் சுவரோரமாக ஒதுங்கினேன். “நீ வராம எப்படி, அவளுக்குப் பொண்ணு மாதிரி இருந்தியே” என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, அக்காவின் குங்குமத்தை என் நெற்றியில் வைத்துவிட்டார்.