துண்டு போட்ட பெயர்

பெயரைக் கடைசி எழுத்திலிருந்துதான் தைக்கத் தொடங்குவாள். சட்டைப்பையின் வலது ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டு, சாக்பீஸால் கடைசி எழுத்தை முதலில் போட்டு, அங்கிருந்து பின்னால் நடந்து முதல் எழுத்துக்கு வந்து சேருவாள். முன்னாலிருந்து தொடங்கினால் நீளமான பெயர்களுக்கு இடம் போதாது. ஆள் முக்கால் பெயரோடு வேலைக்குப் போக வேண்டியிருக்கும். "தலைய எவ்ளோ வேணா நசுக்கலாம், வால நசுக்கக் கூடாது. ஆளு ஆணா பொண்ணான்னு வாலுலதான இருக்கு" என்பாள்.

தெருவில் அவளுக்குப் பாக்கெட் அக்கா என்று பெயர். ஓர் ஆஸ்பத்திரிக்கும் ஒரு தொழிற்சாலைக்கும் இடையில், மாடிப்படிக்கு அடியில் கதவு வைத்து அறையாக்கிய இடம்தான் கடை. நிமிர்ந்து நின்றால் தலை படியில் இடிக்கும் என்பதால் வாடிக்கையாளர்கள் எல்லாரும் அவளுக்கு வணக்கம் சொல்வதுபோலக் குனிந்தே நிற்பார்கள். நர்ஸ் கோட்டு, மெக்கானிக் சட்டை, பள்ளி ஸ்வெட்டர் எதுவானாலும் எம்பிராய்டரி வளையத்தில் இறுக்கி, மெஷினை மிதித்தபடி வளையத்தை நகர்த்தினால் எழுத்து தானாக ஊறி வரும். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கும். அதைத் தொட்டுப் பார்த்தவர் இல்லை; அளவெல்லாம் ஆள்காட்டி விரல்தான்.

பஸ்ஸில் ஏறினால் மனிதர்களின் முகத்தைப் பார்க்க மாட்டாள், சட்டைப்பையைப் பார்ப்பாள். வேறு யாரோ தைத்த எழுத்து கண்ணில் பட்டுவிட்டால் வயிறு எரியும். "அந்த 'ழ'வப் பாரு, காலு சுளுக்கிக்கிட்ட மாதிரி" என்று பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுப்பாள். அது நன்றாக இருந்துவிட்டாலோ எதுவும் சொல்ல மாட்டாள். இறங்கும் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்ப்பாள்.

கடைச் சுவரில் இரண்டு வரிசை ஆணிகள். 'ன்' என்று முடிகிற பெயரெல்லாம் இடது வரிசை, ஆண்கள். மற்றவை வலது. நூலின் நிறமும் எழுத்தின் பருமனும் அதற்கேற்ப மாறும். பதினெட்டு வருடத்தில் கண் படித்து முடிக்கும் முன்பே கை மாட்டிவிடும் அளவுக்குப் பழகிப்போன வேலை.

போன வாரம் அந்தக் கைதான் தப்புச் செய்தது. தங்கையின் புருஷன் பைக்கை நிறுத்தாமலே ஒரு பையை நீட்டினான். "அண்ணி, பாப்பா போர்வைல பேரு போடணுமாம். சீட்டு உள்ள இருக்கு."

"பேரு வச்சாச்சா தம்பி? சொல்லவே இல்ல?"

"அவளே பேசுவா அண்ணி, எனக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு" என்று போய்விட்டான். அந்த அவசரமே சரியில்லை என்று அவளுக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

இரண்டு மாதப் பெண் குழந்தையின் போர்வை அது. வெள்ளை, ஓரத்தில் மஞ்சள் பூ. சீட்டின் கடைசி எழுத்தை ஒரு பார்வை பார்த்து, வேலையோடு வேலையாக, இடது வரிசையில் லாரி டிரைவரின் காக்கிச் சட்டைக்குப் பக்கத்தில் மாட்டினாள். மாட்டிய பிறகுதான் போர்வையில் பூ இருப்பதைப் பார்த்தாள். சீட்டை எடுத்து முழுதாகப் படித்தாள். அவளுடைய அப்பாவின் பெயர்.

அப்பா போய்ப் பதின்மூன்று வருடமாகிறது. கடைசி இரண்டு வருடம் வாரத்துக்கு மூன்று நாள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், நாலு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, திரும்பக் கூட்டி வந்தவள் இவள். தங்கை அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். தங்கையை யார் பார்த்தாலும் "அப்படியே அப்பா" என்பார்கள். இவளைப் பார்த்து யாரும் எதுவும் சொன்னதில்லை. "அப்பா மூக்கு அவளுக்குப் போச்சு, அப்பா ஆஸ்பத்திரி எனக்கு வந்துச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்பு பல்லோடு நின்றுவிடும்.

ஆனால் பெயர் தனக்குத்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. மூத்தவள் அவள். பையன் பிறந்தால் அப்பா பெயர் என்று முதல் பிரசவத்திலேயே சொல்லி வைத்தாள். பெண் பிறந்தது. இரண்டாவதும் பெண். பெயர் அப்படியே இருந்தது, பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்த சீட் மாதிரி. உட்கார ஆள் வரவில்லை. ஆனாலும் துண்டு அவளுடையது.

நான்கு நாள் போர்வை ஆணியிலேயே தொங்கியது. தங்கை போனில் கேட்டாள். முதல் நாள் நூல் தீர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் துணி இழுத்தது. மூன்றாம் நாள் ஊசி உடைந்தது. நான்காம் நாள் கரண்டு இல்லை என்றாள். காலால் மிதிக்கிற மெஷின் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கையே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து குனிந்து நின்றாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மூக்கு அதே மூக்குத்தான். பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்துவிட்டாள்.

"கரண்டு வந்துருச்சாக்கா?"

"கிண்டலா? ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலல்ல உனக்கு. சீட்டுல எழுதி அனுப்புற, லாண்டரிக்கு அனுப்புற மாதிரி."

"நேர்ல சொன்னா நீ வேணாம்பேன்னு பயந்தேன்."

"அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்க."

தங்கை ஸ்டூலில் உட்கார்ந்து குழந்தையை மடிக்கு மாற்றினாள். "தெரிஞ்சேதான்" என்றாள்.

இப்படி ஒப்புக்கொள்வாள் என்று இவள் எதிர்பார்க்கவில்லை. கோபத்தை வைக்க இடமில்லாமல் இலக்கணத்துக்குத் தாவினாள். "பேரு 'ன்'னுல முடியுது, புள்ள 'ள்'ளுல முடியுது. நாளைக்கு ஸ்கூல்ல பையன் வரிசையில நிறுத்துவாங்க. கல்யாணப் பத்திரிகையில ரெண்டும் மாப்பிள்ளையான்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். வாயிருக்கு, பதில் சொல்லிக்குவா. உன் தங்கச்சி மகதான."

"நான் பையனுக்குன்னு எடுத்து வச்சிருந்தேன்டி அத."

"எடுத்துதான் வச்சிருந்த. பதிமூணு வருஷமா யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடலக்கா. வீட்டுக்குள்ள யாராவது அந்தப் பேரச் சத்தமாக் கூப்பிடணும்னு எனக்கு இருந்துச்சு. பொண்ணுக்கு வைக்கலாம்னு உனக்கு ஒரு தடவையாவது தோணியிருந்தா எனக்கு மிச்சம் இருந்திருக்குமா சொல்லு."

தோணவில்லை. அதுதான் சுட்டது. தங்கை எதையும் பறிக்கவில்லை. யாரும் நீட்டாத கையை நீட்டியிருக்கிறாள். ஒரு நாளைக்கு நூறு பெயருக்கு ஆண் பெண் பார்த்து ஆணியில் மாட்டுகிறவளுக்கு, இந்தப் பெயரை வலது வரிசை ஆணியில் மாட்டிப் பார்க்க ஒருநாளும் கை போனதில்லை.

அப்போது மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த இவளுடைய சின்ன மகள் இறங்கி வந்தாள். ஒன்பது வயது. பள்ளி ஸ்வெட்டரை ஞாயிற்றுக்கிழமையும் கழற்றாதவள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது.

"அம்மா, நான் பொறந்தப்போ தாத்தா பேரு சும்மாதான இருந்துச்சு?"

தங்கை குழந்தையின் சட்டையைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

"உனக்குத்தான் அழகான பேரு இருக்கே" என்றாள் இவள்.

"என் கிளாஸ்ல இன்னும் மூணு பேருக்கு அதே பேரு. டீச்சர் என்னை ரெண்டுன்னு கூப்பிடுறாங்க."

அந்தப் பெயர் வந்த கதை இவளுக்கு மட்டும்தான் தெரியும். பிரசவ வார்டில் பெயர் எழுத வந்த பெண் பேனாவைத் திறந்துகொண்டு நின்றாள். இரண்டாவதும் பெண் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்த இவள், "ஏதாவது ஒண்ணு போட்டுக்குங்க" என்றாள். பக்கத்துப் படுக்கைக்காரி தன் குழந்தைக்கு வைத்ததையே அந்தப் பெண் இங்கேயும் போட்டுக்கொண்டு போனாள். ஊர்ப்பட்ட பேருக்கு எழுத்தெழுத்தாகப் பெயர் தைக்கிறவள், பெற்ற பெண்ணுக்கு ஏதாவது ஒன்று என்று சொல்லியிருக்கிறாள்.

"போய் எழுது போ" என்றாள். சின்னவள் போகவில்லை. கதவில் சாய்ந்து நின்று, சித்தியின் மடியில் தூங்குகிற குழந்தையை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வை யாருடையது என்று தாய்க்கு நன்றாகவே தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்க்காத குறைதான்.

ஆணியிலிருந்து போர்வையை எடுத்து வளையத்தில் இறுக்கினாள். பூவின் மஞ்சளுக்குப் பொருந்துகிற நூலைத் தேடிக் கோத்தாள். பொறாமை கையில் இறங்கிவிடுமோ என்று அவளுக்கே பயம்தான். ஆனால் கைக்கு அதெல்லாம் தெரியாது; எழுத்துகள் ஒழுங்காகவே வந்தன. தங்கை எட்டிப் பார்த்து, "நல்லாயிருக்குக்கா" என்றாள்.

"எனக்குத் தெரியும். பாப்பாவ முழிக்க வைக்காம எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

தங்கை போர்வையைக் குழந்தையின் மேல் சுற்றிக்கொண்டு, வாசலில் தலை இடிக்காமல் குனிந்து போனாள். தெருமுனை திரும்பும் வரை இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷினில் மஞ்சள் நூல் இன்னும் கோத்தபடியே இருந்தது.

"அந்த ஸ்வெட்டரைக் கழட்டு" என்றாள் மகளிடம்.

"எதுக்கு? குளிருது."

"கழட்டுன்னா கழட்டு."

வாங்கி உள்பக்கம் வெளியே வரத் திருப்பினாள். கழுத்துப் பட்டைக்கு உள்ளே, உடுத்தினால் யார் கண்ணுக்கும் தெரியாமல் முதுகில் படுகிற இடத்தை வளையத்தில் இறுக்கி, வலது ஓரத்தில் சாக்பீஸால் 'ன்' போட்டு, ஊசியை இறக்கினாள்.