பில்பாவோவில் படகு இழுத்த பெண்கள்

போன வருடம் சம்பந்தியம்மா என் மகளோடு இலங்கை மலையகத்தில் எங்கள் கம்பளைக்கு வந்தார். ஸ்பெயினில் பில்பாவோ என்ற துறைமுக ஊர்க்காரர். தனி மொழி பேசுகிற பாஸ்க் சனம்; ஸ்பெயின்காரர் என்று சொன்னால் முகம் கொஞ்சம் சுருங்கும். அவர் மகனைத்தான் என் மகள் கட்டியிருக்கிறாள். வந்ததும் பால் விடாத இஞ்சிப் பிளேன்டீ மூன்று கோப்பை குடித்தார். எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவர் வருவதற்கு முன்பே மகள் என்னைக் கெஞ்சியிருந்தாள். நான் முப்பது வருடம் தலைக்கயிற்றில் கூடை மாட்டித் தேயிலைக் கொழுந்து பறித்ததை அந்த வீட்டில் அவள் சொல்லவில்லையாம். தேயிலை வியாபாரம் என்று சொல்லிவைத்திருக்கிறாள். "கூடைக் கதையை மட்டும் எடுக்காதீங்கம்மா," என்றாள். சரி என்றேன். வாழப்போன வீட்டில் பிள்ளை தலை குனியக் கூடாதே.

மறுநாள், மகாவலி ஆறு தெரிகிற பின்பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தோம். சம்பந்தியம்மா போனில் ஊர்ப் படங்களைக் காட்ட, மகள் தமிழில் சொன்னாள். எனக்கு எழுத்துத் தெரியாது, படம் தெரியும். ஊருக்கு நடுவே ஓர் ஆறு. கடல் அதன் வழியே ஊருக்குள் ஏறி இறங்குமாம். பக்கத்து மலையெல்லாம் இரும்பு. மண்ணே செங்கல் நிறம். அதைக் கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்பினார்களாம், கப்பலும் கட்டினார்களாம். அதெல்லாம் மூடிய பிறகு, அதே கரையில் கசக்கிப்போட்ட தகரம் போல மினுங்குகிற, ஓவியமும் சிலையும் வைக்கிற ஒரு நூதனசாலை. அங்கே கருவாட்டை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்துத்தான் சமைப்பார்களாம். அப்புறம் அதில் என்ன ருசி மிஞ்சும் என்று கேட்டேன். சிரித்தார்.

பிறகு ஒரு பழைய படம். கரையோரம் பெண்கள் வரிசையாகக் குனிந்து, கயிறு கட்டிப் படகை இழுக்கிறார்கள். சம்பந்தியம்மாவின் பாட்டியைப் பெற்றவளும் அப்படி இழுத்தவளாம்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "கயிறு தலையிலயா, நெஞ்சிலயானு கேளு."

மகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். சம்பந்தியம்மா கையை நீட்டி நீட்டிப் பதில் சொன்னார். ஆறு எவ்வளவு நீளம் என்று சொல்கிறாராம். நான் கேட்டது அதுவா?

துண்டை முறுக்கித் தலையில் மாட்டினேன். குனிந்து, கொழுந்து கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டுக் காட்டினேன். மகள் தரையைப் பார்த்தாள்.

சம்பந்தியம்மா எழுந்து வந்தார். தன் நெஞ்சின் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுத்தார். பிறகு, கயிறு அழுந்தி என் தலையில் முடி முளைக்காமல் போன இடத்தைத் தொட்டபடியே மகளிடம் ஏதோ கேட்டார்.

"கூடை எத்தனை கிலோ இருக்கும்னு கேக்குறாங்கம்மா."

"மழை நாள்லயா, வெயில் நாள்லயானு கேளு," என்றேன்.

இந்தத் தடவை மகள் மாற்றாமல் கேட்டிருப்பாள் போல. சம்பந்தியம்மா பத்து விரலையும் மேலிருந்து கீழே மழையாகச் சொரிந்து காட்டினார்.