இடது கையால் வாங்கிய கல்

எங்கள் வரிசையில் எல்லாரும் எனக்காகக் காத்திருப்பார்கள். மரியாதை ஒன்றும் இல்லை. நான் அவ்வளவு மெதுவு.

எண்பதுகளின் தொடக்கம். ஈப்போவில் ரேடியோ பாகங்கள் பூட்டும் ஒரு தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். நீள மேசையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். இடப்பக்கத்துப் பெண் நீட்டும் சின்னப் பலகையை வாங்கி, இடுக்கியால் ஒரு கம்பியைச் செருகி, வலப்பக்கத்துப் பெண்ணிடம் கொடுக்க வேண்டும். மொத்த வேலையே அவ்வளவுதான். அதற்கே எனக்கு மூச்சு வாங்கும். மாதக் கடைசிக்குள் வேகம் வராவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வீடு என்றால் சுங்காய்ப் பக்கத்து ரப்பர் எஸ்டேட். அம்மா அங்கே விடியுமுன் பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்துவிட்டுப் பால் மரம் வெட்டப் போவார். நான் திரும்பினால் எனக்கும் அதே கதிதான். என்னை அனுப்பிவைத்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவள் சிம்பாங் பூலாயிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். என் வயதுதான், வாய் மட்டும் என்னைவிட நீளம். தமிழ், மலாய், சீனப் பெண்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சோறு தின்றுகொண்டிருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிள் கொட்டகையில் எங்களை வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கொரு கூழாங்கல் கொடுத்தாள். மலாயில் "சத்து", ஒன்று, என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் கல்லை வலப்பக்கத்தவள் கையில் வைக்க வேண்டும். "டுவா", இரண்டு, என்றால் வந்த கல்லை அடுத்தவளுக்குக் கொடுக்கத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். போகப்போக வேகம் கூடும்.

குமரிகள் கல் விளையாடுவதா என்று எனக்கு எரிச்சல். அதிலும் மற்றவர்களுக்கு ஓடிய கல் என்னிடம் வந்ததும் நின்றது. ஒன்று மடியில் விழுந்தது, இன்னொன்று தரையில். கொட்டகையே சிரித்தது. கையிலிருந்த கல்லை விட்டெறிந்துவிட்டு எழுந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், இரு. நீ ஏன் வலது கையிலயே வாங்குற?"

"பின்ன? பீச்சாங்கையாலயா வாங்குவாங்க?"

"நா என்ன விபூதியா குடுக்கிறேன்? கல்லுலா!"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. மேசையிலும் நான் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அவள் பலகையை நீட்டும்போதெல்லாம் இடுக்கியைக் கீழே வைத்து, வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் வாங்கி, மறுபடி இடுக்கியைத் தேடி எடுப்பேன். எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் இடது கையால் எதையாவது வாங்கினால் முதுகில் ஒன்று விழும். மலாய்ப் பெண்கள் தங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று தலையாட்டினார்கள். ஆனால் அவர்கள் வேலைக்கு வந்ததும் அதை மறந்துவிடப் பழகியிருந்தார்கள்.

மறுநாள் மேசையில் இடது கையை நீட்ட எனக்குக் கூசியது. யாரையோ அவமதிப்பதுபோல் இருந்தது. அவள் பலகையை நீட்டும்போதெல்லாம் உதட்டுக்குள் "கல்லு, கல்லு" என்று முணுமுணுப்பாள். சாப்பாட்டு நேரத்தில் எனக்காகவே மறுபடி வட்டம் கூடும். எனக்காக எண்ணிக்கையை மெதுவாக்குவார்கள், நான் பழகியதும் கூட்டுவார்கள். என்னால் தாமதமானவர்கள்தான் அவர்கள். ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை. அந்தப் பெண்களை நினைத்தால் இன்றும் மனசு நிறைந்துவிடுகிறது.

மாதக் கடைசியில் சூப்பர்வைசர் என் பின்னால் வந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அடுத்த மேசைக்குப் போனார். வேலை நிலைத்துவிட்டது. பக்கத்திலிருந்தவள் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

அந்தத் தீபாவளிக்கு அம்மாவுக்கு ஈப்போவில் ஒரு சேலை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு கையாலும் நீட்டினேன்.

"என்னாடி, சாமிக்குக் குடுக்கற மாதிரி ரெண்டு கையாலயும்?" என்று அம்மா சிரித்தார்.

"இதுவும்தாம்மா சம்பாதிச்சிச்சு" என்று இடது கையைக் காட்டினேன்.